கறுப்புச் சதுரமும் அதன் காலமும்: ரஷ்ய அவான்-கார்ட் ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் எழுந்த கலை இயக்கங்களில் கியூபிசமும் சர்ரியலிசமும் தமிழ் வாசகர்களுக்கு ஓரளவு அறிமுகமானவை. அதே ஆண்டுகளில் ரஷ்யப் பேரரசிலும், பின்னர் சோவியத் நாட்டிலும் நடந்தவை அந்த அளவுக்கு இங்கே பேசப்படவில்லை. ஓவியம் எதற்காக இருக்கிறது என்ற கேள்வியை அங்கிருந்தவர்கள் அளவுக்கு விடாப்பிடியாகக் கேட்டவர்கள் வேறெங்கும் இல்லை என்பது என் கருத்து. ஆகவே, இந்த இயக்கத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழுகின்ற கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே விடை எழுதியிருக்கிறேன்.

ரஷ்ய அவான்-கார்ட் என்று யாரைச் சொல்கிறோம்?

ஏறத்தாழ 1910 முதல் 1932 வரை மாஸ்கோ, பெட்ரோகிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்), கீவ், விதெப்ஸ்க் முதலிய நகரங்களில் இயங்கிய ஓவியர்கள், சிற்பிகள், கவிஞர்கள், நாடகக் கலைஞர்கள், கட்டடக் கலைஞர்கள் ஆகியோரைச் சேர்த்துக் குறிப்பிடப் பிற்காலத்தவர் வழங்கிய பெயர் இது. அவர்கள் தங்களை ஒரே அணியாக எண்ணியதில்லை. மிகயீல் லரியோனோவும் நத்தாலியா கொஞ்சரோவாவும், பொருள்களை விட்டு அவற்றிலிருந்து தெறிக்கும் ஒளிக்கதிர்களைத் தீட்டும் ரேயோனிசத்தை முன்வைத்தனர். கசிமிர் மலேவிச், உருவங்களை விட்டுத் தூய வடிவங்களையே தீட்டும் சுப்ரமாட்டிசத்தை முன்வைத்தார். விளாதிமிர் தாத்லினின் வழியில், கலையைத் தொழிலோடும் அன்றாடப் பயன்பாட்டோடும் இணைக்க முயன்ற கன்ஸ்ட்ரக்டிவிசம் பிறந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காலாவதியானவர் என்று சாடிக்கொண்டே இருந்தார்கள்.

‘ரஷ்ய’ என்ற அடைமொழியைக் கவனத்துடன்தான் கையாள வேண்டும். மலேவிச் 1879இல் கீவ் நகருக்கு அருகில் போலந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை சர்க்கரை ஆலைகளில் பணியாற்றியதால் அவருடைய இளமை உக்ரைனின் சிற்றூர்களில் கழிந்தது. தாத்லின் வளர்ந்தது கார்கிவ் நகரில். மார்க் ஷகாலும் எல் லிசித்ஸ்கியும் யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இத்தனை பேரையும் பேரரசின் பெயருக்குள் அடக்குவது நியாயமன்று என்று உக்ரைன் ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அவ்வாதத்தில் உண்மை உண்டு. இங்கே வழக்கம் கருதியே அப்பெயரைப் பயன்படுத்துகிறேன்.

ஐரோப்பாவின் ஓரத்தில் இருந்த நாட்டில் இவ்வளவு புதுமை எப்படித் தோன்றியது?

இரண்டு காரணங்களைச் சொல்லலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததுதான் முக்கியம்.

முதலாவது, மாஸ்கோவின் துணி வணிகர்கள். செர்கேய் ஷ்சூகினும் இவான் மொரோசோவும் பாரிஸிலிருந்து மத்தீஸ், பிக்காசோ, செசான், கோகான் ஆகியோரின் ஓவியங்களைப் பாரிஸ்காரர்களே வாங்கத் தயங்கிய காலத்தில் வாங்கிக் குவித்தார்கள். மத்தீஸின் ‘நடனம்’ ஷ்சூகினின் மாளிகைப் படிக்கட்டுக்காகவே 1910இல் தீட்டப்பட்டது. ஷ்சூகின் தம் வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டதால், கையில் காசில்லாத மாஸ்கோ மாணவர்களும் பாரிஸுக்குப் போகாமலேயே அதன் புத்தம்புதிய ஓவியங்களைக் கண்டார்கள்.

இரண்டாவது, ஐக்கான்கள் எனப்படும் பழைய புனிதப் படங்கள். நூற்றாண்டுக் கணக்கான மெழுகுவர்த்திப் புகையாலும், மேலே பூசிய எண்ணெய் கறுத்துப்போனதாலும் அவற்றின் நிறம் மறைந்து கிடந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைத் துப்புரவு செய்யத் தொடங்கியபோது, அடியிலிருந்து தூய சிவப்பும் நீலமும் காவியும் வெளிப்பட்டன. 1913இல் மாஸ்கோவில் ஐக்கான்களுக்கென்றே ஒரு பெருங்கண்காட்சி நடந்தது. ஆழமும் நிழலும் இல்லாத தட்டையான நிறப்பரப்புகளால் தெய்விகத்தைக் காட்ட முடியும் என்பதை இளம் ஓவியர்கள் தங்கள் பாட்டனார் வீட்டுச் சுவரிலேயே கண்டுகொண்டார்கள். பாரிஸிலிருந்து வந்த பாடமும் வீட்டுப் பாடமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. கொஞ்சரோவாவின் ஓவியங்களில் இந்தச் சேர்க்கையை நேராகவே காணலாம். நாட்டுப்புற மர அச்சுப் படங்களின் முரட்டுக் கோடுகளையும் அவர் எடுத்துக்கொண்டார். 1912இல் நடந்த ஒரு கண்காட்சியில் சமயப் பொருள்கொண்ட அவருடைய ஓவியங்களைத் தணிக்கையாளர்கள் அகற்றினார்கள்.

‘0,10’ கண்காட்சி ஏன் இவ்வளவு புகழ்பெற்றது?

உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 டிசம்பரில், பெட்ரோகிராடில் நதேஷ்தா தபிச்சினா நடத்திய கலைக்கூடத்தில் ‘கடைசி ஃபியூச்சரிச ஓவியக் கண்காட்சி 0,10’ திறக்கப்பட்டது. ஃபியூச்சரிசம் என்பது பழமையை உதறி எந்திர யுகத்தைப் போற்றிய இயக்கம். இவான் பூனியும் அவருடைய மனைவி செனியா பகுஸ்லாவ்ஸ்கயாவும் அதை ஏற்பாடு செய்தார்கள். பூச்சியம் என்பது பழையவற்றையெல்லாம் துடைத்தெறிந்து தொடங்கும் நிலை. பத்து என்பது முதலில் எதிர்பார்த்த கலைஞர்களின் எண்ணிக்கை. கலந்துகொண்டவர்கள் 14 பேர்.

மலேவிச் இதற்கான வேலையைப் பல மாதங்களாக யாரிடமும் சொல்லாமல் செய்துவந்தார். ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் பூனி எதிர்பாராமல் அவருடைய பட்டறைக்குள் நுழைந்து, உருவமே இல்லாத அந்த ஓவியங்களைப் பார்த்துவிட்டார். தம் கண்டுபிடிப்பு வேறொருவர் பெயரில் வெளிவந்துவிடுமோ என்று அஞ்சிய மலேவிச், இசைக்கலைஞர் மிகயீல் மத்யூஷினின் உதவியோடு ஒரு சிறு நூலை அவசரமாக அச்சிட்டு, சுப்ரமாட்டிசம் என்ற பெயரைத் தமதாக்கிக்கொண்டார். அந்நூல் கண்காட்சி அரங்கிலேயே விற்பனைக்கு இருந்தது.

அந்த அறையின் புகைப்படம் ஒன்று எஞ்சியிருக்கிறது. செவ்வகங்களும் வட்டங்களும் சிலுவைகளும் வரைந்த கித்தான்கள் சுவரில் நெருக்கமாக, வரிசையின்றித் தொங்குகின்றன; பக்கத்தில் கையால் எண் எழுதிய காகிதத் துண்டுகள்; கீழே ஒரு வெறும் நாற்காலி. இரு சுவர்களும் கூரையும் சேரும் மூலையில், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக, கறுப்புச் சதுரம் சற்று முன்சாய்ந்து நிற்கிறது. ரஷ்ய வீடுகளில் ஐக்கானை வைக்கும் மூலை அதுதான். உள்ளே நுழையும் விருந்தாளி முதலில் அந்த மூலையைப் பார்த்துச் சிலுவைக் குறி இட்டுக்கொள்வார். ஆகவே மலேவிச் செய்தது என்னவென்று அன்றைய பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் விளக்கமின்றியே புரிந்தது. விமரிசகர் அலெக்சாந்தர் பெனுவா, புனித மாதாவின் இடத்தில் இந்தச் சதுரத்தை வைக்கிறார்கள் என்று கடுமையாகக் கண்டித்து எழுதினார். அவர் ஓவியத்தை வெறுத்தாலும் அதைச் சரியாகப் படித்தார் என்றே நான் நினைக்கிறேன்.

கறுப்புச் சதுரத்தை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாமே?

இந்தக் கேள்வி நேர்மையானது. இதைக் கேட்பவரை ரசனையற்றவர் என்று ஒதுக்குவது தவறு. விடையின் ஒரு பகுதி ஓவியத்தின் பரப்பிலேயே இருக்கிறது. 79.5 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட அந்தக் கித்தான் மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் உள்ளது. அச்சுப் பிரதிகளில் அது சீரான கறுப்பாகத் தெரியும். நேரில் உள்ள ஓவியம் அப்படியில்லை. பக்கங்கள் அளவுகோல் வைத்து இழுத்தவை அல்ல. கோணங்கள் துல்லியமான செங்கோணங்கள் அல்ல. சுற்றியுள்ள வெள்ளையில் தூரிகைத் தடங்கள் திசை மாறி மாறிச் செல்கின்றன. கறுப்பு முழுவதும் கோடைக்கால ஏரிப் படுகைபோல் வெடித்திருக்கிறது. வெடிப்புகளுக்குள் வேறு நிறங்கள் கசிகின்றன. கலைக்கூட ஆய்வாளர்கள் 2015இல் ஊடுகதிர்ப் படங்களின் உதவியோடு, அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வண்ண ஓவியங்கள் புதைந்திருப்பதை உறுதிசெய்தார்கள். கீழே இருந்த வண்ணம் முழுமையாகக் காய்வதற்குள் மலேவிச் மேலே கறுப்பைத் தீட்டியிருக்கிறார். வெடிப்புகளுக்கு அதுவே காரணம். தாம் செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்தி, காத்திருக்கப் பொறுமையின்றி, அதன் மேலேயே இந்தச் சதுரத்தை அவர் தீட்டினார் என்பது தெளிவாகிறது.

விடையின் மற்றப் பகுதி வரலாற்றில் இருக்கிறது. அதற்கு முன்பு ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியும் பிறரும் உருவங்களைக் கரைத்து அரூபத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களுடைய ஓவியங்களில் மலையோ குதிரையோ எங்கோ எஞ்சியிருக்கும். உலகத்தின் எந்தப் பொருளிலிருந்தும் தொடங்காமல், வடிவத்திலிருந்தே தொடங்கும் ஓவியம் இருக்க முடியுமா என்று மலேவிச் கேட்டார். கறுப்புச் சதுரம் அக்கேள்விக்கான முதல் விடை. கைத்திறமையை மட்டும் பார்த்தால் அதை வரைவது எளிதுதான். ஆனால் 1915இல் அதை வரைந்து அந்த மூலையில் வைக்கும் துணிவு ஒருவருக்குத்தான் வந்தது.

கறுப்புச் சதுரம் ஒன்றுதானா?

நான்கு உள்ளன. 1915இல் தீட்டியது முதலாவது. 1920களில் இரண்டையும் 1930களின் தொடக்கத்தில் ஒன்றையும் மலேவிச் மீண்டும் தீட்டினார். இரண்டு திரெத்யாகோவிலும், ஒன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகத்திலும், ஒன்று ஹெர்மிடாஜிலும் இருக்கின்றன. முதல் ஓவியத்துக்கு 1913 என்று அவர் முன்தேதியிட்டார். அந்த ஆண்டு ‘சூரியனுக்கு எதிரான வெற்றி’ என்ற ஃபியூச்சரிச இசைநாடகத்துக்கு மேடைத் திரைகளை வடிவமைத்தபோதே சதுரத்தின் எண்ணம் தமக்குத் தோன்றியது என்பது அவருடைய வாதம்.

மலேவிச்சுக்கும் தாத்லினுக்கும் என்ன பகை?

இந்த இயக்கம் முழுவதையும் புரிந்துகொள்ள ஒரே ஒரு திறவுகோலைக் கேட்டால், இந்தப் பகையைத்தான் காட்டுவேன். தாத்லின் இளமையில் கப்பலில் வேலை பார்த்தவர். கயிறு, மரம், உலோகத் தகடு ஆகியவற்றின் எடையையும் இழுவிசையையும் கையால் அறிந்தவர். 1914இல் பாரிஸில் பிக்காசோவின் பட்டறைக்குச் சென்று, அட்டையாலும் தகரத்தாலும் செய்த அவருடைய படைப்புகளைப் பார்த்துத் திரும்பினார். பிக்காசோ கிதாரைச் செய்திருந்தார். தாத்லின் கிதாரையும் விட்டுவிட்டுத் தகட்டையும் கம்பியையும் மட்டும் வைத்துக்கொண்டார். ‘0,10’ கண்காட்சியில் அவரும் ஒரு மூலையைத்தான் பிடித்தார்: வளைத்த இரும்புத் தகடுகளை அறையின் இரு சுவர்களுக்கிடையே கம்பிகளால் இழுத்துக் கட்டினார். மலேவிச்சின் ஓவியங்களைத் தொழில் தெரியாதவரின் வேலை என்று அவர் கருதியதால், அவரும் அவருடைய நண்பர்களும் தங்கள் அறை வாசலில் ‘தொழில்முறை ஓவியர்களின் கண்காட்சி’ என்று தனிப் பலகை மாட்டியதாகச் சொல்லப்படுகிறது.

மலேவிச்சுக்குக் கலை எந்தப் பயனுக்கும் கட்டுப்படாத தூய உணர்வு. பூமியின் ஈர்ப்பையே விட்டுப் பறப்பது. தாத்லினுக்குக் கலை கையில் உள்ள பொருளிலிருந்து பிறந்து வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டியது. பின்னால் வந்த ஒவ்வொருவரும் இவ்விருவரில் ஒருவர் பக்கம் நிற்க வேண்டியிருந்தது. லியுபோவ் பப்போவா போன்ற சிலர் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் சென்றார்கள்.

தாத்லின் கோபுரம் ஏன் கட்டப்படவில்லை?

உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான மூன்றாம் அகிலத்தின் நினைவுச் சின்னமாக 1919–20இல் அவர் திட்டமிட்ட அக்கோபுரம் 400 மீட்டர் உயரம் எழவேண்டியது. அன்றைய உலகின் மிக உயர்ந்த கட்டுமானமான ஐஃபெல் கோபுரத்தின் உயரம் 300 மீட்டரைச் சற்றே தாண்டியது. சாய்ந்த அச்சைச் சுற்றி இரட்டைச் சுருளாக ஏறும் இரும்புச் சட்டகத்துக்குள் கண்ணாடி அரங்குகள் தொங்கும். கீழே உள்ள கனசதுரம் ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்மேல் உள்ள பிரமிடு மாதத்துக்கு ஒருமுறையும், உருளை நாளுக்கு ஒருமுறையும் சுழலும். உள்நாட்டுப் போரால் ஆலைகள் நின்று, ரொட்டிக்கும் விறகுக்கும் வரிசையில் நின்ற நாட்டில் அதற்கான இரும்பு எங்கிருந்தும் வந்திருக்காது. தாத்லினும் உதவியாளர்களும் மரத்தில் மாதிரி ஒன்றைச் செய்து 1920 நவம்பரில் பெட்ரோகிராடில் காட்சிக்கு வைத்தார்கள். அடுத்த மாதம் அது சோவியத்துகளின் எட்டாவது மாநாட்டுக்காக மாஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மூல மாதிரி இன்று இல்லை. புகைப்படங்களைக் கொண்டு பிற்காலத்தில் செய்த மாதிரிகளையே அருங்காட்சியகங்களில் பார்க்கிறோம்.

விதெப்ஸ்கில் என்ன நடந்தது?

இன்றைய பெலாரஸில் உள்ள விதெப்ஸ்க் ஷகாலின் சொந்த ஊர். புரட்சிக்குப் பின் அவ்வட்டாரத்தின் கலைத்துறை ஆணையராக நியமிக்கப்பட்ட அவர், 1919 ஜனவரியில் அங்கே மக்கள் கலைப்பள்ளியைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகள் இலவசமாகப் படித்த பள்ளி அது. லிசித்ஸ்கி அங்கே ஆசிரியரானார். 1919 நவம்பரில் மலேவிச்சையும் அழைத்துவந்தார். அதுவே ஷகாலுக்கு வினையாயிற்று. சில மாதங்களுக்குள் மாணவர்கள் மலேவிச் பக்கம் சாய்ந்தார்கள். 1920 தொடக்கத்தில் ‘ஊனோவிஸ்’ என்ற குழு உருவாயிற்று. உறுப்பினர்கள் சட்டைக் கையில் சிறு கறுப்புச் சதுரத்தைத் தைத்துக்கொண்டார்கள். படைப்புகளில் தனிப்பெயர் இடாமல் குழுவின் பெயரால் காட்சிக்கு வைத்தார்கள். தாம் கட்டிய பள்ளியில் தமக்கு இடமில்லை என்று கண்ட ஷகால் 1920 கோடையில் ஊரைவிட்டே போனார்.

ஷகாலுக்கு நேர்ந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருவது. ஆனாலும் அந்தச் சிற்றூரின் செங்கல் சுவர்களில் வெள்ளையடித்து, பச்சை வட்டங்களும் நீல செவ்வகங்களும் ஆரஞ்சுச் சதுரங்களும் தீட்டி, தெருவையே ஓவியமாக்கியது ஊனோவிஸின் இளைஞர்கள்தான். அவ்வழியாகப் போன, பின்னர் திரைப்பட இயக்குநரான இளம் செர்கேய் ஐசன்ஸ்டைன் அச்சுவர்களைக் கண்டு வியந்து பின்னாளில் எழுதியிருக்கிறார். சிவப்பு ஆப்பு வெள்ளை வட்டத்தைப் பிளக்கும் லிசித்ஸ்கியின் சுவரொட்டியும் விதெப்ஸ்க் ஆண்டுகளின் விளைச்சலே. 1922இல் மலேவிச் தம் சிறந்த மாணவர்களோடு பெட்ரோகிராட் சென்றபின் அந்த அலை அடங்கியது.

கன்ஸ்ட்ரக்டிவிஸ்டுகள் ஓவியத்தை உண்மையிலேயே கைவிட்டார்களா?

ஆம், அறிவித்துவிட்டே கைவிட்டார்கள். 1921 செப்டம்பரில் மாஸ்கோவில் ஐந்து கலைஞர்கள் ஆளுக்கு ஐந்து படைப்புகளோடு ‘5x5=25’ என்ற கண்காட்சியை நடத்தினார்கள். அதில் அலெக்சாந்தர் ரோத்சென்கோ மூன்று கித்தான்களை வைத்தார்: ஒன்று முழுச் சிவப்பு, ஒன்று முழு மஞ்சள், ஒன்று முழு நீலம். ஓவியத்தை அதன் இறுதி எல்லைக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்பது அவருடைய நிலைப்பாடு. அதன்பிறகு அவர் சுவரொட்டிகளுக்கும் புகைப்படத்துக்கும் சென்றார். கவிஞர் மயக்கோவ்ஸ்கி வாசகம் எழுத, ரோத்சென்கோ அரசுக் கடைகளின் பிஸ்கட்டுக்கும் ரப்பர் காலணிக்கும் விளம்பரம் வரைந்தார்.

ஆலைக்குள்ளேயே சென்று வேலை செய்தவர்கள் பப்போவாவும் வர்வாரா ஸ்தெப்பானோவாவும். 1923–24இல் மாஸ்கோவின் முதல் அரசுப் பருத்தித் துணி அச்சு ஆலையில் சேர்ந்து, பூக்களும் கொடிகளும் படர்ந்திருந்த மலிவுச் சீட்டித் துணிக்குக் கோடு, வட்டம், முக்கோணம் ஆகியவற்றால் புதிய அச்சு வடிவங்களைத் தந்தார்கள். கலையை வாழ்க்கைக்குக் கொண்டுசெல்வோம் என்று எல்லோரும் முழங்கிய காலத்தில், அது சாதாரணப் பெண்களின் உடுப்பாகத் தெருவுக்கு வந்தது இவ்விருவரின் கையால்தான். தாத்லினின் கோபுரத்தைவிட இந்தத் துணிகளை நான் மேலாகக் கருதுகிறேன். பப்போவா 1924 மே மாதத்தில் செங்காய்ச்சலால் இறந்தார். மகனிடமிருந்து தொற்றிய நோய் அது. அவருக்கு வயது 35.

போல்ஷெவிக் அரசு இவர்களை ஆதரித்ததா, அழித்ததா?

இரண்டையும் செய்தது. கல்வி ஆணையர் லூனச்சார்ஸ்கி தொடக்கத்தில் இவர்களுக்குப் பதவியும் பள்ளிகளும் பொறுப்பும் கொடுத்தார். பழைய கலை உலகத்தார் ஒத்துழைக்க மறுத்தபோது முன்வந்தவர்கள் இவர்களே. 1920இல் மாஸ்கோவில் தொடங்கிய வ்குதெமாஸ் கல்வி நிலையம் அக்காலத்தின் தலைசிறந்த வடிவமைப்புப் பள்ளிகளில் ஒன்று. அது 1930இல் மூடப்பட்டது. 1932 ஏப்ரலில் கட்சி ஒரே ஆணையால் எல்லாக் கலைக் குழுக்களையும் கலைத்தது. அதன்பின் சோசலிச யதார்த்தவாதம் ஒன்றுக்கே இடமிருந்தது. மலேவிச் 1930 செப்டம்பரில் கைது செய்யப்பட்டுச் சில மாதங்கள் சிறையில் இருந்தார். விதெப்ஸ்க் பள்ளியின் தலைவராக இருந்த வேரா எர்மொலாயேவா 1937இலும், ஒட்டுப்பட உத்தியால் சுவரொட்டிகள் செய்த குஸ்தாவ் குளுத்ஸிஸ் 1938இலும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். குளுத்ஸிஸ் ஸ்தாலினைப் புகழ்ந்தே சுவரொட்டி செய்தவர். அதுவும் அவரைக் காக்கவில்லை.

மலேவிச் தம் இறுதி ஆண்டுகளில் மனித உருவங்களுக்குத் திரும்பினார். 1933இல் மறுமலர்ச்சிக்கால உடையில் தம்மைத் தீட்டிய ஓவியத்தின் மூலையில், கையெழுத்துக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு கறுப்புச் சதுரம் இருக்கிறது. 1935 மே 15 அன்று லெனின்கிராடில் (பெட்ரோகிராடின் அப்போதைய பெயர்) அவர் காலமானபோது, உடலுக்கு மேலே சுவரில் கறுப்புச் சதுரம் தொங்கியது.

படைப்புகள் எப்படித் தப்பின?

சில தற்செயலாலும், சில தனிமனிதர்களின் பிடிவாதத்தாலும். 1927இல் பெர்லினுக்குச் சென்ற மலேவிச், தம் ஓவியங்களை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். நாஜிகளின் கண்ணில் படாமல் மறைத்துக் காக்கப்பட்ட அவற்றில் பெரும்பகுதி 1958இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. சோவியத் நாட்டுக்குள் ஜார்ஜ் கொஸ்தாகிஸ் என்ற கிரேக்க வம்சாவளியினர், மாஸ்கோவில் வெளிநாட்டுத் தூதரக ஊழியராக இருந்தபடியே 1946 முதல் இவற்றைத் தேடிச் சேகரித்தார். ஒரு வீட்டில் பப்போவாவின் ஓவியப் பலகை சன்னலை அடைக்கப் பயன்பட்டிருந்ததைக் கண்டு, அதே அளவில் வேறு பலகையைக் கொண்டுவந்து கொடுத்து அதை மீட்டதாக அவர் கூறியிருக்கிறார். 1977இல் நாட்டைவிட்டு வெளியேறியபோது சேகரிப்பின் பெரும்பகுதியைத் திரெத்யாகோவுக்கு அளித்தார். உஸ்பெகிஸ்தானின் நூக்குஸ் நகரில், தலைநகரின் பார்வைக்கு எட்டாத தொலைவில், இகோர் சவித்ஸ்கி இதேபோல் ஆயிரக்கணக்கான படைப்புகளைக் காத்தார். அவருடைய அருங்காட்சியகம் 1966இல் திறக்கப்பட்டது.

இந்தியாவோடு இவ்வியக்கத்துக்குத் தொடர்பு உண்டா?

மெல்லிய தொடர்பு உண்டு. சோவியத் நாட்டை விட்டு நீங்கி ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் பள்ளியில் 1922இல் ஆசிரியரான காண்டின்ஸ்கியின் படைப்புகள், அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த பாவ்ஹவுஸ் கண்காட்சிக்கு வந்தன. 1930 செப்டம்பரில் ரவீந்திரநாத் தாகூரின் ஓவியங்கள் மாஸ்கோவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. மலேவிச் கைதான அதே மாதம் அது. தமிழ் வாசகர்களோ, முன்னேற்றப் பதிப்பகத்தின் மொழிபெயர்ப்பு நூல்கள் வழியாகவும் ‘சோவியத் நாடு’ இதழ் வழியாகவும் இரண்டு தலைமுறைகளாகச் சோவியத் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் நமக்கு வந்துசேர்ந்தது பெரும்பாலும் 1932க்குப் பிந்தைய அதிகாரபூர்வக் கலை. அதற்கு முந்தையது இருட்டறைகளில் பூட்டிக் கிடந்ததால், அந்த நாட்டை அவ்வளவு நேசித்த நம் வாசகர்களுக்கும் அதைக் காணும் வாய்ப்பு அன்று கிட்டவில்லை.

போலி ஓவியங்கள் அதிகம் என்கிறார்களே?

உண்மைதான். பல்லாண்டுகள் எந்தப் பட்டியலும் இன்றி மறைவில் கிடந்ததாலும், வடிவங்கள் எளிமையாகத் தோன்றுவதாலும், விலை மிக உயர்ந்ததாலும் போலி செய்வோருக்கு இத்துறை வசதியாயிற்று. மலேவிச்சின் 1916ஆம் ஆண்டு சுப்ரமாட்டிச ஓவியம் ஒன்று 2018இல் நியூயார்க் ஏலத்தில் 8.5 கோடி டாலருக்கும் அதிகமாக விலைபோனது. அதே ஆண்டு பெல்ஜியத்தின் கென்ட் நகர அருங்காட்சியகம், காட்சிக்கு வைத்திருந்த ரஷ்ய அவான்-கார்ட் படைப்புகளின் நம்பகத்தன்மையை வல்லுநர்கள் கேள்விக்குள்ளாக்கியதால் அவற்றைச் சுவரிலிருந்து இறக்க நேர்ந்தது. ஒரு படைப்பு யார் கையிலிருந்து யார் கைக்கு மாறி வந்தது என்ற ஆவணத் தொடரும், வண்ணத்தில் கலந்த நிறமி அந்த ஆண்டில் புழக்கத்தில் இருந்ததா என்ற வேதியியல் ஆய்வும் சேர்ந்து பொருந்தினால்தான் இன்று அருங்காட்சியகங்கள் அதை ஏற்கின்றன.

நேரில் பார்க்க எங்கே செல்லலாம்?

மாஸ்கோவின் புதிய திரெத்யாகோவ் கட்டடமும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ரஷ்ய அருங்காட்சியகமும் முதன்மையானவை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக்கில் மலேவிச்சின் பெரிய தொகுப்பு உள்ளது. கொஸ்தாகிஸ் தம்மோடு கொண்டுசென்ற பகுதி கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரில் இருக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மலேவிச்சின் 1918ஆம் ஆண்டு ‘வெள்ளையில் வெள்ளை’ உண்டு. சாய்ந்த வெள்ளைச் சதுரத்துக்கும் அதைத் தாங்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு எந்தத் திரையிலும் சரியாகத் தெரியாது. அதன் முன் சற்றுப் பக்கவாட்டில் நின்று, தூரிகைத் தடங்களின் மேல் வெளிச்சம் விழும்படி பாருங்கள். சதுரத்தின் ஓரம் அப்போதுதான் தெளியும்.